அரை லிட்டர் தூரம்

கோபம் வந்தால் லோகநாதன் கத்த மாட்டார். வண்டியைத் துடைப்பார். சனிக்கிழமை காலையில் அந்தச் சின்ன வெள்ளைக் காரை அவர் மறுபடியும் மறுபடியும் துடைப்பதை ஹவுசிங் போர்டு மாடியிலிருந்து கெங்கம்மா பார்த்தாள். இன்றைக்கு மனுஷன் பின்வாங்க மாட்டார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

போன வாரம் அவர் போட்ட குண்டு இன்னும் வீட்டுக்குள் புகைந்துகொண்டுதான் இருந்தது. காரை எடைக்குப் போடப் போகிறாராம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் டெம்போவோடு வந்து கட்டி இழுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

காரணம் பெட்ரோல். கார்பரேட்டர் காலத்து வண்டி அது. துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டி ரிட்டயர் ஆன கையோடு லோகநாதன் ஆசைப்பட்டு வாங்கினார். வாங்கிய நாளிலிருந்தே பெட்ரோலைக் குடிக்கிறது என்று அவர் சொல்கிறார். தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்குப் போய்வந்தாலே பெட்ரோல் முள் கீழே இறங்கிவிடுகிறதாம்.

சும்மா சொல்லக் கூடாது, அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். மணலிக் காற்றில் கறுத்துப்போயிருந்த ஏர் ஃபில்டரை மாற்றினார். பிளக் மாற்றினார். வாரம் தவறாமல் டயருக்குக் காற்றடித்தார். மேலே இருந்த கேரியரைக் கழற்றினார். கனம் குறையட்டும் என்று டிக்கியிலிருந்த ஸ்டெப்னியைக்கூட இறக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டார். இப்போது அது கட்டிலுக்கடியில் கிடக்கிறது, பெருக்கும்போதெல்லாம் கெங்கம்மாவின் கால் விரலைப் பதம் பார்க்கிறது.

கார் போனால் அவளுடைய திங்கட்கிழமையும் போய்விடும்.

இத்தனை வருஷம் அடுத்தவர் மெஸ்ஸில் அடுப்படியில் வெந்தவள் கெங்கம்மா. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேன்டீன் வைத்திருக்கும் ரெஜினா, வருகிற திங்கட்கிழமையிலிருந்து காலை நாஸ்தா கொண்டுவரச் சொல்லியிருந்தாள். யார்டுக்கு வெளியே ரோட்டோரம் லைனில் நிற்கிற டிரெய்லர் டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள், இறங்கினால் லைன் போய்விடும். அவர்கள் இருக்கும் இடத்துக்கே இட்லியும் வடகறியும் போக வேண்டும். அண்டா குண்டானை ஆட்டோவில் ஏற்றினால் வாடகைக்கே எல்லாம் சரியாகிவிடும். இதற்காகவே அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், போன மாதம் லைசென்சும் வாங்கியிருந்தாள். சொந்தமாக ஒரு தொழில் என்பது இந்த வயதில் அவளுக்கு வாய்த்த முதல் ஆசை. அதை எடைக்குப் போட அவளுக்கு மனசில்லை.

பாரி அன்றைக்கும் விடிந்ததும் கிளம்பிவிட்டான். அவர்களுடைய ஒரே பிள்ளை. பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை. கப்பல் வருகிற நேரத்தை யார் கண்டது, அதனால் போகிற நேரமும் வருகிற நேரமும் ஒரு ஒழுங்கில் இருக்காது. ஆனால் சட்டை மட்டும் எப்போதும் ஒழுங்காக இருக்க வேண்டும். இன்றைக்கு வெளிர்நீலம். கை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்படி கெங்கம்மாதான் தேய்த்துக் கொடுத்தாள்.

பிள்ளை அந்தச் சட்டையோடு படியிறங்கிப் போவதைப் பார்ப்பது லோகநாதனுக்கு ஒரு பூரிப்பு. பிளாக்கில் யாரைப் பார்த்தாலும், "எம் புள்ள ஏசி ரூம்ல கீறான்" என்று ஒரு தடவையாவது சொல்லாமல் விட மாட்டார். பாரி பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒருநாள் டிரெய்லர் ஸ்டியரிங்கைப் பிடித்து விளையாடியதற்காக அவனை அறைந்தவர் அவர். பிள்ளையை அவர் கை நீட்டி அடித்தது அந்த ஒரு முறைதான்.

காலை வெயில் ஏறுகிற நேரத்துக்கு சௌக்கத் அலி வந்தார். கொருக்குப்பேட்டையில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர், லோகநாதனின் நெடுநாள் தோஸ்து. காரை அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று லோகநாதனே கூப்பிட்டிருந்தார்.

சௌக்கத் அலி நாலு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தார். எதுவும் இறுகிப் பிடிக்கவில்லை. பெட்ரோல் டியூபை முகர்ந்து பார்த்தார். எங்கேயும் ஒழுகவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லையே என்று இழுத்தார்.

டீ கொண்டுவந்த கெங்கம்மா டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"வண்டியில கீற அல்லாத்தையும் பாத்துட்டீங்க, பாய். ஓட்றவர ஒண்டிதான் யாரும் பாக்கல."

சௌக்கத் அலிக்குப் புரை ஏறியது. லோகநாதன் துணியைக் காரின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். டிரெய்லரைப் பின்பக்கமாகவே துறைமுக கேட்டுக்குள் நுழைத்தவரிடம், லைசென்ஸ் மை காயாதவள் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் அவர் கத்தவில்லை. நீயும் ஓட்டு, நானும் ஓட்டுகிறேன், யார் கையில் பெட்ரோல் போகிறது என்று பாய் பார்க்கட்டும் என்றார். தான் தோற்றால் சாவி அவள் கையில். அவள் தோற்றால் சாயங்காலம் டெம்போ வரும்போது ஒரு பேச்சு பேசக் கூடாது.

கெங்கம்மா சரி என்றாள்.

பார்க்கிற வழி சௌக்கத் அலிக்குத் தெரிந்ததுதான். டேங்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றி, அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றிய பாட்டிலை எஞ்சின் பக்கத்தில் கட்டி, அதில் சொருகிவிடுவார். பாட்டில் தீர்ந்ததும் வண்டி நின்றுவிடும். நின்ற இடம்தான் கணக்கு. அப்புறம் பழையபடி டேங்கில் மாட்டிக்கொண்டு திரும்பலாம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுக வாசலில் ஆரம்பம், கடலோர ரோட்டில் நேர் வடக்காக.

முதலில் லோகநாதன் உட்கார்ந்தார். டாஷ்போர்டில் இருந்த சின்ன வெள்ளை புத்தர் சிலையை ஒரு விரலால் நேராக்கினார். பக்கத்தில் சௌக்கத் அலி, பின்னால் கெங்கம்மா.

இரண்டாவது கியரில் எடுத்தார். லோடு இல்லாத டிரெய்லரை முதல் கியரில் எடுப்பவனைப் பார்த்து லைனில் சிரிப்பார்கள், அந்தப் பழக்கம். ஐஸ் ஃபேக்டரியைத் தாண்டுவதற்குள் டாப் கியர் விழுந்துவிட்டது. டாப்பில் போட்டால்தான் டீசல் மிச்சம் என்பது அவர் தொழிலில் கற்ற முதல் பாடம். டிரெய்லர் எஞ்சினுக்கு அது சரி, நடக்கிற வேகத்தில்கூட டாப்பில் இழுக்கிற தெம்பு அதற்கு உண்டு. இந்தச் சின்ன எஞ்சின் பாவம், அடியில் டக் டக்கென்று முட்டிக்கொண்டது. அது முட்ட முட்ட அவர் கால் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தியது.

டோல்கேட்டில் ஜாம். கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. லோகநாதன் எஞ்சினை ஓடவிட்டபடியே உட்கார்ந்திருந்தார். முன்னால் ஓரடி இடம் கிடைத்தால் ஓரடி நகர்த்தினார். சௌக்கத் அலி அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

ஜாம் விட்டு ஓடிக்கொண்டிருந்த வண்டி, பட்டினத்தார் கோயில் பக்கம் வந்ததும் இருமிவிட்டு நின்றது.

"பாத்தியா?" என்றார் லோகநாதன், பின்னால் திரும்பி. "செத்துப் போச்சிமே இது. இத்த வெச்சிகினு நாஸ்தா விக்கறாளாம்."

குரலில் ஜெயித்த தெம்பு இருந்தது. சௌக்கத் அலி ரோட்டோரம் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்து, வண்டி நின்ற இடத்துக்கு நேராக வைத்தார்.

காசிமேட்டுக்குத் திரும்பி, மறுபடி பாட்டில் கட்டி, கெங்கம்மா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். கிளட்சை விட்டதும் வண்டி குதித்து அணைந்துபோயிற்று. பின்சீட்டில் லோகநாதன் கனைத்தார். மீன் ஏற்ற வந்த டாட்டா ஏஸ்காரன் ஒருவன் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டான்.

இரண்டாம் முறை ஒழுங்காக நகர்ந்தது.

முதல் கியர், இரண்டு, மூன்று. எஞ்சின் முக்கினால் கியரைக் குறைத்தாள், சத்தம் கூடினால் ஏற்றினாள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்ததற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் போகிறவனை முந்தவும் அவளுக்குத் துணிச்சல் இல்லை. அதனால் பிரேக்குக்கு அதிகம் வேலை வரவில்லை. லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின, அதையும் வாங்கிக்கொண்டாள்.

டோல்கேட்டில் அதே ஜாம். கெங்கம்மா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"ஆஃப் பண்ணாதமே" என்று பின்னாலிருந்து லோகநாதன் பதறினார். "லைன் பூடும்."

"அடுப்புல சட்டி இல்லாதப்ப கேஸு எரிய வுடுவியாய்யா?"

சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ மூக்கை நுழைத்து முன்னால் வந்து நின்றுவிட்டது. அதன் பின்னாலேயே ஒரு குட்டியானை லோடு வண்டி. லோகநாதன் சீட்டின் நுனிக்கே வந்துவிட்டார். பாரு பாரு, பூட்ச்சி பாரு என்று அவர் கை முன்சீட்டைத் தட்டியது.

கெங்கம்மா கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பூட்டும்யா. நம்ம வண்டிக்கு எந்தக் கப்பலு காத்துகினு கீது?"

முன்சீட்டைத் தட்டிய கை அப்படியே நின்றது.

லைன் போய்விடும் என்கிற அந்தப் பயம் அவருக்குக் கல்யாணமான புதிதில் வந்தது. துறைமுக கேட் லைனில், எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிப் போனார். கண் விழித்தபோது முன்னால் இருந்த இடமெல்லாம் அடைத்துப்போயிருந்தது. லோடு போய்ச் சேருவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. முதலாளி அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அதற்கப்புறம் எந்த லைனிலும் அவர் எஞ்சினை அணைத்ததில்லை. வெயிலிலும் மழையிலும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்து, கடைசியில் இடது காது பாதி மந்தமாகிவிட்டது. கெங்கம்மாவுக்கு இது அத்தனையும் தெரியும். பாரி பிறந்த அன்றைக்குக்கூட அவர் லைனில்தான் இருந்தார். ரிட்டயர் ஆகியும் இந்த மனுஷன் இன்னும் அந்த லைனிலிருந்து இறங்கவில்லையே என்று நினைத்தபோது, கோபம் போய் அவர்மேல் பாவமாக இருந்தது.

லாரிகள் நகர்ந்தன. அவள் சாவியைத் திருப்பினாள், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பட்டினத்தார் கோயில் வந்தது. செங்கல் வந்தது. வண்டி நிற்கவில்லை. லோகநாதன் தலையைத் திருப்பி, பின்கண்ணாடி வழியாக அந்தச் செங்கல் சின்னதாகிப் போகிறவரை பார்த்துக்கொண்டே வந்தார்.

கெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சாவி தன் கைக்கு வந்துவிட்டது, இனி வண்டி எங்கே நின்றாலும் கவலையில்லை. திங்கட்கிழமைக்கு இட்லிக்கு எவ்வளவு ஊறப்போடுவது என்றுகூட மனசு போய்விட்டது.

எர்ணாவூரில் மறுபடியும் நிற்க வேண்டியதாயிற்று. ரெஜினா சொன்ன அந்த யார்டுக்குப் போகிற டிரெய்லர்கள் இடப்பக்கம் வரிசை கட்டி நின்றன. அவள் எஞ்சினை அணைத்தாள். இந்தத் தடவை லோகநாதன் வலது ஓரம் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் சத்தம் அடங்கியதும் மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்தில் நின்ற டிரெய்லரின் கேபினிலிருந்து யாரோ முன்வண்டிக்காரனைக் கூப்பிட்டு, நாஸ்தா எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

கெங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

ஸ்டியரிங்கின் மேல் கை போட்டபடி, முண்டா பனியனோடு பாரி உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்குப் பின்னால், கேபின் கொக்கியில், ஹேங்கரில் மாட்டிய வெளிர்நீலச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

அவனும் பார்த்துவிட்டான். முகம் செத்துப்போயிற்று. கண்களால் கெஞ்சினான், மெல்ல ஜன்னலுக்குக் கீழே தலையை இறக்கிக்கொண்டான்.

கெங்கம்மா கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். லோகநாதன் இன்னும் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காதுக்கு எதுவும் எட்டவில்லை. பக்கத்தில் சௌக்கத் அலி நேரே ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். இவ்வளவு பக்கத்தில் அவ்வளவு பெரிய வண்டி நிற்க, அவர் மட்டும் ஏனோ இடப்பக்கம் திரும்பவே இல்லை.

முன்னால் வழி விட்டது. கெங்கம்மா சாவியைத் திருப்பி வண்டியை நகர்த்தினாள்.

எர்ணாவூர் தாண்டி, கடல் அரிப்புக்குப் பாறை கொட்டியிருந்த இடத்தில் பாட்டில் தீர்ந்தது. சௌக்கத் அலி இறங்கி டியூபை மாற்றப் போனார். லோகநாதன் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தார். தணிந்த குரலில் கேட்டார்.

"இத்தினி வருசம் நான் ஓட்னது தப்பா, பாய்?"

"தப்பெல்லாம் இல்ல மாமு. டிரெய்லருக்கு அது கரெக்டுதான்" என்றார் சௌக்கத் அலி. "நீதான் இன்னும் அதுலேர்ந்து எறங்கல."

லோகநாதன் தலையாட்டினார். கெங்கம்மா பக்கத்தில் போய் நின்றாள். அவள் மனசு பூராவும் அந்தக் கொக்கியில் ஆடிய சட்டையிலேயே இருந்தது. என்றிலிருந்து இந்த வேஷம்? ஆபீஸ் வேலை போய்விட்டதா, இல்லை அப்படி ஒரு வேலையே இருந்ததில்லையா? தினம் தினம் அவள் தேய்த்துக் கொடுத்த மடிப்பெல்லாம் யாருக்காக?

சாயங்காலம் சாத்தாங்காட்டிலிருந்து டெம்போ வந்தது. லோகநாதன் இறங்கிப் போய், வீட்டில் வண்டிக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். கட்டிலுக்கடியில் குனிந்து ஸ்டெப்னியை வெளியே இழுத்து, தானே உருட்டிக்கொண்டு போய் டிக்கியில் வைத்தார். அப்புறம் மாடியேறி வந்து, சாவியைக் கெங்கம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

மனுஷனுக்குத் தோற்ற வருத்தம் போயிருந்தது. முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு தெளிவு. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட அவளால் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பாரி வந்தான். செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தவன் நிமிர வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

"வாடா நைனா" என்று லோகநாதன் கூப்பிட்டார். "ஒங்கம்மா இன்னிக்கி என்ன தோக்கட்ச்சிட்டா." ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னார், செங்கல்லைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்தது. பாரியும் சிரித்தான், அம்மாவின் பக்கம் பார்க்காமல்.

"நான் ஒண்ணு முடிவு பண்ட்டேன்" என்றார் லோகநாதன். "திங்கக்கெழம நானும் அவகூட போறேன். அவ வண்டி ஓட்டட்டும். லைன்ல கீற பசங்களுக்கு நாஸ்தா நான் குடுக்கறேன். மொத வண்டிலேர்ந்து கடசி வண்டி வரிக்கும், ஒவ்வொரு கேபினா நானே ஏறிக் குடுக்கறேன்."

லோகநாதன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, திங்கட்கிழமைக்கு வேண்டிய அண்டாவை எடுத்து வைக்க உள்ளே போனார்.

கெங்கம்மா சாவியை இறுகப் பிடித்தபடி பாரியின் சட்டையைப் பார்த்தாள். காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த மடிப்பு அப்படியே கலையாமல் இருந்தது.